மூடியைத் தொடாதே, மத்ததை நான் சொல்றேன்

பொண்டாட்டி பொறந்த நாளுக்கு நீயே உன் கையால கேக் செய்யப் போறேன்னு உங்கம்மா சொன்னா. சந்தோஷம்டா தம்பி. நம்ம குடும்பத்துல ஆம்பிள்ளை ஒருத்தன் கரண்டியைப் பிடிச்சு, அதனால யாருக்காவது நல்லது நடந்ததா சரித்திரமே இல்லை. நீயாவது செஞ்சு காட்டு. ஆனா கேக் செய்யறதுக்கு முன்னால ஓவன் வாங்கணும், ஓவன் வைக்க மேசை வாங்கணும், மேசை போட குசினியில ஒரு சுவரைத் தட்டணும்னு பிளான் போட்டிருக்கியாமே? பொறந்த நாள் இந்த வருஷத்துதானே?

தீபாவளிக்குச் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறப்ப குசினிப் பக்கம் எட்டிப் பாரு. ஓவன் இருக்கும். பளபளன்னு இருக்கும். கதவைத் திறந்தா உள்ளே குவாலி, தோசைக்கல்லு, மூடி தொலைஞ்ச பிளாஸ்டிக் டப்பா எல்லாம் அடுக்கி இருக்கும். 2020 மார்ச் 18ல நடமாட்டக் கட்டுப்பாடு போட்டாங்களே, அப்போ வாங்கினது. ஊரே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்ப ஆளாளுக்கு ரொட்டி சுட்டாங்க, கேக் சுட்டாங்க, போட்டோ போட்டாங்க. கட்டுப்பாடு முடிஞ்சுது. ஜனங்க வெளியே வந்தாங்க, சட்டிங்க ஓவனுக்குள்ளே போச்சுங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ ஆடறதுக்கு முன்னாலேயே கூடத்தை இடிக்கணுங்கறே. அவளை விட நீ ஒரு படி மேலதான்.

சரி, அந்தப் பெட்டிக்குள்ள என்னதான் இருக்கு? சூடான காத்து. அது வெளியே போகாம இருக்க ஒரு கதவு. 170, 180 டிகிரியில காத்து நாலு பக்கமும் நின்னு மாவை வேக வைக்குது. ஆனா உனக்குத் தெரியாத சங்கதி ஒண்ணு இருக்கு. அந்த 180 டிகிரி கேக்கோட மேல்தோலுக்குத்தான். உள்ளே ஈரம் இருக்கற வரைக்கும் நடுப்பாகம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆயிரம் வெள்ளி ஓவனா இருந்தாலும் தாண்டாது. முட்டை இறுகறது, மாவு வேகறது எல்லாமே 100க்குள்ளேயே முடிஞ்சு போகுது. மேலே பழுப்பு நிறம் வரணும், அந்தச் சுட்ட வாசனை வரணும்னாத்தான் 140க்கு மேலே சூடு வேணும். அப்போ நீ காசு குடுத்து வாங்கறது எதை? பழுப்பு நிறத்தை. கேக் வேகறதுக்கு 100 டிகிரி போதும்னா, அது உன் அம்மா தினம் காலையில இட்லி வேக வைக்கிற அதே ஆவிதான். சும்மாவே கிடைக்குது.

நீ பொறந்து வளர்ந்தது பினாங்கு ஜார்ஜ் டவுன்ல. 2008 ஜூலை 7ல யுனெஸ்கோக்காரங்க நம்ம ஊரை உலகப் பாரம்பரிய நகரம்னு எழுதிக்கிட்டாங்க. அதுல இருந்து எங்கிருந்தோ ஜனம் வந்து ஆர்மேனியன் ஸ்திரீட் சுவத்துல வரைஞ்ச சைக்கிள் பிள்ளைங்க பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிட்டு, உடனே எங்கே சாப்பிடலாம்னு கேக்குது. நீயும் வழி காட்டறே. காட்டற இடத்துல விக்கிற பலகாரத்துல எத்தனை ஓவனுக்குள்ள போய் வந்ததுன்னு என்னிக்காவது யோசிச்சியா?

பாலிக் புலாவ் பக்கம் மலாய்க் கம்பத்துல பாவுலு கேக் சுடறதை நீ பார்த்திருக்க மாட்டே. பெருநாளைக்கு டப்பாவுல அடைச்சு வந்தா எண்ணாம வாயில போட மட்டும் தெரியும். நான் பார்த்திருக்கேன். கனமான பித்தளை அச்சு, அதுல பூ, மீன்னு சின்னச் சின்னக் குழி. முட்டையும் சீனியும் சுருள் கம்பியால கை வலிக்க அடிச்சு, நுரை வெளுத்துக் கெட்டியானதும் மாவைத் தூவிக் கலந்து வெச்சிருப்பாங்க. வெண்ணெய் இல்லை, எண்ணெய் அச்சுல தடவ மட்டும். அச்சை முதல்ல காய வெச்சு, குழியில மாவை ஊத்தி, மேலே இரும்பு மூடி. அந்த மூடி மேலே எரியற தேங்காய் மட்டை. கீழேயும் தணல், மேலேயும் தணல். மேல் நெருப்பு கூட, கீழ் நெருப்பு கம்மி. அதுதான் சூட்சுமம். மாக்சிக் ஒருத்தி கொக்கிக் கம்பியால மூடியைத் தூக்குவா, சாம்பல் ஒரு துளி உள்ளே விழாது. மீனோட செதில் வரைக்கும் தங்க நிறமா எழும்பி இருக்கும். ஊசியால குத்தி எடுத்துத் தட்டுல போடுவா. அடுத்த ஈடு. மூணு கேக் கடையோட கண்ணாடி அலமாரி அந்தத் தட்டுக்கு முன்னால நிக்காது. அவ கிட்டே போய் ஓவன் இல்லாம கேக் செய்ய முடியுமான்னு கேட்டுப் பாரேன். கொக்கிக் கம்பி கையில இருக்கும், கொஞ்சம் தள்ளி நின்னு கேளு.

புலாவ் டிக்குஸ் பசார் பக்கம் அப்பம் ஊத்தறாங்களே, அதுவும் அப்படித்தான். நம்ம அப்பம் கப்பல் ஏறி வந்து, இங்கே முட்டை, தேங்காய்ப்பால், வாழைப்பழத் துண்டு, சோளம்னு எல்லாத்தோடயும் சினேகமாயிடுச்சு. சின்னச் சின்ன சட்டி வரிசையா. இந்தக் கோடியில மாவை ஊத்திச் சுழட்டி மூடிக்கிட்டே அந்தக் கோடிக்குப் போறப்ப முதல் சட்டி வெந்திருக்கும். சட்டியும் மூடியும்தான் ஓவன். கையில ஒரு கரண்டி, அவ்வளவுதான்.

சீனர்கள் பூசைக்கு வைக்கிற ஹுவாட் குவே பார்த்திருப்பே. ரோஸ் கலர்ல, மேலே நாலா வெடிச்சு விரிஞ்சிருக்கும். முழுக்க ஆவியில வெந்தது. அது வெடிக்கலைன்னா அந்த வீட்டுப் பாட்டிக்கு மனசு சரியிருக்காது. வெடிச்சாத்தான் வருஷம் பூரா செல்வம் பெருகும்னு கணக்கு. அதனால அவங்க ஆவியை முழு வேகத்துல விட்டு, வேணும்னே வெடிக்க வைக்கிறாங்க. அடுப்பு எகிறி எரிஞ்சா மாவோட வெளிப்பக்கம் முதல்ல இறுகிப் போகும், உள்ளே இருக்கிறது அப்புறம் பொங்கி வழியில்லாம மேலே பொத்துக்கிட்டு வரும். இதைக் கவனமா வெச்சுக்கோ. உனக்குத் தட்டையா வேணும்னா அடுப்பைத் தணிச்சு வை. நீ தணிக்க மறந்து கேக் வெடிச்சுப் போச்சுன்னா அழாதே. பக்கத்து வீட்டு ஆன்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டு. உன் குடும்பத்துக்கு யோகம் வந்துடுச்சுன்னு சொல்லிட்டுப் போவா.

இதெல்லாம் ஆசியாக்காரன் கதை, வெள்ளைக்காரன் ஓவன்லதானே செஞ்சான்னு கேப்பே. கேப்பேன்னு எனக்குத் தெரியும், நீ காலேஜ் படிச்சவன். நான் செபராங் பிறையில தோட்டத்துல பொறந்தவன், துரை பங்களா குசினியில எடுபிடியா நின்னவன். ஹைனான் சீனர்தான் சமையல். கிறிஸ்துமஸ் வந்தா துரைக்கு ஒரு கறுப்புப் புட்டிங் வேணும். திராட்சை, சீனி, கொழுப்பு, ரொட்டித் தூள், முட்டை எல்லாம் கலந்து கிண்ணத்துல அடைச்சு, துணி கட்டி, மணிக்கணக்கா ஆவியில வெச்சுடுவார். வருஷத்துல பெரிய பண்டிகைக்கு, சாமி கும்பிட்டுட்டு வந்து துரை சாப்பிடற பலகாரமே கொதிக்கிற தண்ணியோட ஆவியில வெந்தது! காரணமும் இருக்கு. அந்தக் காலத்து இங்கிலாந்துல ஏழைபாழைங்க வீட்டுல ஓவன் ஏது? 1843ல சார்லஸ் டிக்கன்ஸ் எழுதின கிறிஸ்துமஸ் கதையில கிராட்சிட் குடும்பம் வாத்தை ரொட்டிக் கடை ஓவனுக்குக் குடுத்துவிட்டுத்தான் வேக வைக்குது. புட்டிங்கை வீட்டுலயே துணி வெளுக்கிற செப்பு அண்டாவுல அவிச்சுடறாங்க. துணி அண்டாவுல கேக் அவிச்சவன் வாரிசு எழுதின புஸ்தகத்தைப் படிச்சுட்டு, ஓவன் இல்லைன்னா கேக் இல்லைன்னு இங்கே ஒருத்தன் உட்கார்ந்திருக்கான்.

ரொட்டின்னா நான் ஒத்துக்கிறேன். டிரான்ஸ்பர் ரோட்டுல நம்ம தமிழ் முஸ்லிம் குடும்பம் சுடற ரொட்டி பெங்காலி இருக்கே, அந்தத் தோல் ஆவியில வராது. காய்ஞ்ச சூடு வேணும். அதை ஆவியில வெச்சா பாவ் ஆகும், சண்டை வரும். அதனால ரொட்டியை வாங்கித் தின்னு, கேக்கை அவிச்சுத் தின்னு.

இப்போ வேலைக்கு வா. சாக்லேட் கேக் செய். ஏன் சாக்லேட்? உன் வீட்டுக்காரிக்குப் பிடிக்கும்னு சொல்லிக்கோ. நிஜக் காரணம் வேற. ஆவியில வெந்த கேக் பழுப்பாகாது. வெண்ணிலா கேக் செஞ்சா வெளுத்துப் போய், காய்ச்சல்ல கிடந்து எழுந்த முகத்தோட நிக்கும். கோகோ போட்டா முதல்லேயே கறுப்பு. எது வெந்தது, எது கருகினது, எங்கே நீ மாவைச் சரியாக் கலக்கலை, ஒண்ணும் வெளியே தெரியாது. இந்த ஊர்ல மலாய்க்காரங்க வீட்டுக்கு வீடு சாக்லேட் கேக் குக்குஸ் செய்யறாங்களே, அவங்க புத்திசாலிங்க.

ஒரு கப் சீனி, அரைக் கப் கோகோ, அரைக் கப் எண்ணெய், ஒரு கப் பால், அதோட நாலு கரண்டி டின் பால். இதையெல்லாம் ஒரு சட்டியில போட்டு, சீனி கரையற வரைக்கும் சின்ன நெருப்புல கிண்டு. கொதிக்க விடாதே. இறக்கி ஆற வை. விரல் வெச்சா சுடக்கூடாது. நீ அவசரப்பட்டு அதுல முட்டையை உடைச்சு ஊத்தினேன்னா கேக் வராது, இனிப்பு முட்டைப் பொரியல் வரும். ஆறினதும் ரெண்டு முட்டையை அடிச்சு ஊத்து. ஒண்ணேகால் கப் கோதுமை மாவு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சோடா உப்பு, ஒரு சிட்டிகை உப்பு, எல்லாத்தையும் சலிச்சுக் கொட்டு. சலிக்கறப்ப வண்டு இருந்தா மாவை மாத்து. கட்டி உடையற வரைக்கும் கலந்தா போதும். பரோட்டா மாவை அடிக்கிற கோபத்தை இதுல காட்டாதே. அடிக்க அடிக்க மாவுல இழுவை வந்து கேக் ரப்பராயிடும். ரப்பர் எங்க காலத்தோட முடிஞ்சு போச்சு, நாங்க சீவின பால் போதும்.

சௌராஸ்தா பசார்ல ஜாதிக்காய் விக்கிறாங்க, நம்ம தீவுல விளைஞ்சது. கொட்டையைத் துருவியில நாலு இழுப்பு இழுத்து மாவுல போடு. வெண்ணிலா பாட்டிலை விட அது வாசம். ஆனா நாலே இழுப்பு. தாராள மனசை அதுல காட்ட வேண்டாம்.

வெண்ணெய் எங்கேன்னு கேக்கறியா? வேண்டாம். இங்கிலீஷ் சமையல் புஸ்தகத்துல வெண்ணெயை அறைச் சூட்டுல வைன்னு எழுதியிருப்பான். அவன் அறை 18, 20 டிகிரி. நம்ம குசினியில மத்தியானம் 31, 32. பத்து நிமிஷம் போன்ல பேசிட்டு வந்தா வெண்ணெய் தானே இளகிக் கொழகொழன்னு நிக்கும். இந்தக் கேக்குக்கு எண்ணெய்தான் சரி, ஐஸ் பெட்டியில வெச்சாலும் இறுகாம மெத்துன்னு இருக்கும்.

பேக்கிங் பவுடரைப் பத்தி ஒரு வார்த்தை. வீட்டுல இருக்கற டப்பா அந்த 2020ல வாங்கினதுதானே? நம்ம ஊர் ஈரத்துல அது எப்பவோ உயிரை விட்டிருக்கும். காய்ஞ்ச புளிப்பும் சோடாவும் சேர்ந்ததுதான் அந்தப் பொடி. ஈரம் பட்டா ரெண்டும் கலந்து கரிக்காத்து வரும், அந்தக் காத்துதான் கேக்கைத் தூக்கும். டப்பாவுக்குள்ளேயே ஈரம் பட்டுட்டா தூக்க வேண்டியதெல்லாம் டப்பாவைத் தூக்கிட்டு அடங்கிடும். ஒரு கரண்டி எடுத்து வெந்நீர்ல போடு. பொங்கினா உயிர் இருக்கு. சும்மா கிடந்தா குப்பை.

அந்தப் பொடியைக் கண்டுபிடிச்சதும் உன்னை மாதிரி ஒரு புருஷன்தான், தெரியுமா? பர்மிங்காம்ல ஆல்பிரட் பேர்டுன்னு ஒரு மருந்துக் கடைக்காரர். சம்சாரத்துக்கு முட்டை ஒத்துக்காது, ஈஸ்ட்டும் ஒத்துக்காது. முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரை 1837ல செஞ்சு குடுத்தார். ஈஸ்ட் இல்லாம ரொட்டி உப்பணும்னு 1843ல பேக்கிங் பவுடர் செஞ்சு குடுத்தார். அந்தம்மா அதோட விட்டாங்களா, மூணாவதா ஒண்ணு கேட்டாங்களான்னு சரித்திரத்துல இல்லை. அவர் பொண்டாட்டிக்காக ரெண்டு பொடியைக் கண்டுபிடிச்சார். நீ கடையில போய் ஒண்ணு வாங்கக் கூட கேக்கறே, எந்த வரிசையில இருக்கும் தாத்தான்னு.

இப்போ ஆவி. பெரிய இட்லிப் பானையோ, பாவ் அவிக்கிற ஸ்டீமரோ, எது இருந்தாலும் சரி. அடியில தண்ணி, தட்டு மேலே கேக் டின். ஏழு அங்குல டின் போதும். டின்னுல எண்ணெய் தடவி, அடியில பேப்பர் போட்டு, மாவு முக்கால் அளவுக்கு மேலே போகாம ஊத்து. தண்ணி டின்னைத் தொடக்கூடாது. தண்ணி கொதிச்சு ஆவி நல்லா வந்த பிறகுதான் டின்னை உள்ளே வைக்கணும். டின் மேலே அலுமினியத் தாளைத் தளர்வா மூடு. பானை மூடியை ஒரு சுத்தமான துணியில கட்டி முடிச்சு மேலே போடு. துணி எதுக்கு? ஆவி மேலே போய் மூடியில பட்டுத் தண்ணியாகிச் சொட்டும். துணி இல்லைன்னா அந்தச் சொட்டு கேக்குல விழுந்து, பெரியம்மை வந்த மூஞ்சி ஆயிடும். துணி நுனி தொங்கி அடுப்புல பட்டுடப் போகுது, மேலே தூக்கிக் கட்டு. தீயணைப்பு வண்டியை வரவழைச்சா பொறந்த நாள் பெரிசாத்தான் இருக்கும்.

நடுத்தரமான நெருப்புல 40, 45 நிமிஷம். முதல் அரை மணி நேரம் மூடியைத் தொடாதே. இதை நான் எதுக்குத் தனியாச் சொல்றேன்னா, எனக்கு உன்னைத் தெரியும். தைப்பூசத்து வெள்ளி ரதம் வந்துடுச்சான்னு நிமிஷத்துக்கு ஒரு தரம் தெருவுக்கு ஓடற ஆளு மாதிரி நீ அந்த மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பே. உள்ளே என்ன நடக்குதுன்னா, காத்துக் குமிழி உப்பி மாவைத் தூக்கி நிறுத்தியிருக்கு, ஆனா குமிழியோட சுவர் இன்னும் இறுகலை. நீ மூடியைத் திறந்ததும் ஆவி போச்சு, சூடு இறங்கிச்சு, குமிழி சுருங்கிச்சு. நடுவுல ஒரு பள்ளம் விழும். அப்புறம் அந்தப் பள்ளத்துல கிரீமைக் கொட்டி மறைச்சுட்டு, இதுதான் ஸ்டைலுன்னு சொல்லுவே. சொல்லு, நம்பற மாதிரி அந்தப் புள்ள தலையை ஆட்டும். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தானே ஆகுது.

தண்ணி வத்திச்சுன்னா கொதிக்கிற தண்ணிதான் ஊத்தணும். குழாய்த் தண்ணியை ஊத்தினா ஆவி அடங்கிப் போகும். நேரம் ஆனதும் தென்னை ஈர்க்குச்சியைக் குத்திப் பாரு. விளக்குமாத்துல இருந்து உருவாதே, புதுசா எடு. ஈர மாவு ஒட்டாம வந்தா வெந்தாச்சு. பத்து நிமிஷம் ஆற விட்டுக் கவிழ்.

ஆவியில வேண்டாம், சுட்டாத்தான் கேக்குன்னு பிடிவாதம் பிடிச்சா அதுக்கும் வழி இருக்கு. தமிழ்நாட்டுல வீட்டுக்கு வீடு குக்கர் கேக்கு அப்படித்தான். கனமான அலுமினியச் சட்டி, அடியில ஒரு அங்குலம் கல்லுப்பு, அது மேலே ஒரு வளையம், வளையத்து மேலே டின். மூடிப் பத்து நிமிஷம் காய வெச்சு, டின்னை வெச்சு, சின்ன நெருப்புல முக்கால் மணி. உப்பு சூட்டை வாங்கி நிதானமாப் பரப்பும், அடி கருகாது. பிரஷர் குக்கர்ல செஞ்சா ரப்பர் வளையத்தையும் கழட்டு, வெயிட்டையும் எடு. தண்ணி இல்லாம காயற பாத்திரத்துல ரப்பரை விட்டா அது உருகும். வெயிட்டைப் போட்டு வெச்சுட்டு விசில் வரும்னு காத்துக்கிட்டும் இருக்காதே. ஒட்டாத கறுப்புச் சட்டியையும் இதுக்கு எடுக்காதே, காலியாக் காயற சூட்டுல அந்தப் பூச்சு கெட்டுப் போகும். அந்த உப்பு மறுபடி கேக்குக்கு மட்டும்தான், சாம்பார்ல போட்டா உங்கம்மா என்னைத்தான் திட்டுவா.

ரைஸ் குக்கர்லயும் சிலபேர் செய்யறாங்க. மாவை ஊத்தி சுவிட்சைத் தட்டினா அஞ்சு நிமிஷத்துல டக்குன்னு மேலே ஏறிடும். கெட்டுப் போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போகாதே. சோறு வேகறப்ப அடியில தண்ணி இருக்கற வரைக்கும் சூடு 100ல நிக்கும். தண்ணி வத்திச் சூடு ஏறினதும் சுவிட்ச் தானா விடும். கேக் மாவுல சும்மா நிக்கிற தண்ணி இல்லை, அதனால சீக்கிரமே விட்டுடுது. கொஞ்சம் ஆற விட்டு மறுபடி தட்டு, மறுபடி தட்டு. அந்த மெஷின் கதையும் கேட்டுக்கோ. 1955 டிசம்பர்ல தோஷிபா விட்டாங்க. செஞ்சவர் பேரு மினாமி யோஷிதாதா. ஆனா எவ்வளவு சூட்டுல, எத்தனை நிமிஷத்துல சோறு வேகுதுன்னு பொங்கிப் பொங்கி அளந்து எழுதினது அவர் சம்சாரம் ஃபுமிக்கோ. பேர்டு பொண்டாட்டிக்காக வேலை செஞ்சார், மினாமிக்காகப் பொண்டாட்டி வேலை செஞ்சாங்க. நீ இதுல எந்தக் கட்சின்னு எனக்குத் தெரியும். அதான் கேக் நாள் அன்னிக்குப் பாத்திரம் யார் கழுவறதுன்னு இப்பவே பேசி வெச்சுக்கோங்கறேன்.

பொறந்த நாள் வெள்ளிக்கிழமையில வந்து மாமியார் வீட்டு விரதம் குறுக்கே நின்னா, முட்டையை எடுத்துட்டு முக்கால் கப் தயிர் ஊத்து, பாலைக் கொஞ்சம் குறைச்சுக்கோ. பேக்கிங் பவுடரையும் சோடாவையும் விட்டுட்டு, கடைசியில ஒரு பாக்கெட் ஈனோவை மாவுல கொட்டி லேசாக் கிண்டி உடனே ஆவியில வை. உடனேன்னா உடனே. அது நாசி கண்டார் கடையில மூணு குழம்பு கலந்து அடிச்சுட்டு வந்து நான் ராத்திரி குடிக்கிற அதே ஈனோதான். என் வயித்துல செய்யற வேலையைத்தான் மாவுலயும் செய்யுது. நீ அதுக்குள்ள போட்டோ எடுத்துக்கிட்டு நின்னேன்னா பொங்கல் அடங்கிடும்.

இவ்வளவும் கேட்டுட்டு, தாத்தா இது கஷ்டமா இருக்கே, அடுப்புல கேக் வைக்காமலே வழி இருக்கான்னு கேக்கறியா? அப்படிக் கேட்டாத்தான் நீ என் பேரன். கேக் பாத்திக் செய். மேரி பிஸ்கட்டை உடை. பொடியாக்காதே, நாலா உடை. பிளாந்தா மார்ஜரினோ வெண்ணெயோ சட்டியில உருக்கி, மைலோ, கோகோ, டின் பால், அடிச்ச முட்டை ரெண்டு போட்டு, சின்ன நெருப்புல விடாம கிண்டிக் கெட்டியாக்கு. பிஸ்கட்டைக் கொட்டிப் புரட்டி, டின்னுல அமுக்கி, ஒரு ராத்திரி ஐஸ் பெட்டியில வை. வெட்டினா உள்ளே பிஸ்கட்டும் சாக்லேட்டும் கோலம் கோலமாத் தெரியும். இதுல விசேஷம் என்னன்னா, 1874ல லண்டன்ல பீக் பிரீன்ஸ் கம்பெனி அந்த மேரி பிஸ்கட்டைச் செஞ்சதே ரஷ்ய ராஜகுமாரி மரியா, எடின்பரோ கோமகனைக் கட்டிக்கிட்ட கல்யாணத்துக்காகத்தான். மைலோ 1934ல ஆஸ்திரேலியாவுல பொறந்தது. ராஜகுமாரி கல்யாண பிஸ்கட்டை ஆஸ்திரேலியாத் தூள்ல புரட்டி, பினாங்கு ஐஸ் பெட்டியில குளிர வெச்சு, உன் பொண்டாட்டிக்குக் குடுக்கறே. கேக்கறப்பவே எவ்வளவு செலவானதாத் தோணுது பாரு. விலையை மட்டும் சொல்லாதே.

எல்லாம் செஞ்சும் அவிச்ச கேக் நடுவுல வேகாம கொழகொழன்னு நின்னா பதட்டப்படாதே. வெளிப்பக்கம் வெந்ததை வெட்டித் தட்டுல அடுக்கு. நடுவுல இருக்கிறதைத் தூக்கிப் போடாதே, பச்சையாவும் குடுக்காதே, முட்டை இருக்கு. ஒரு கிண்ணத்துல போட்டு இன்னும் கால் மணி ஆவியில வை. வெந்ததும் டின் பால் ஊத்திப் பிசைஞ்சு, உருண்டை பிடிச்சு, தேங்காய்த் துருவல்ல உருட்டு. அந்தப் புள்ள இது என்னன்னு கேக்கும். அதுக்கு ஒரு நல்ல பேரை, வாயில நுழையாத பிரெஞ்சுப் பேரா, முந்தின நாளே யோசிச்சு வெச்சுக்கோ.